சம்பளம் வாங்காத ஆட்டக்காரருக்கு வாய்ப்பூட்டா? கெவின் காசிடி விலக்கப்பட்ட நிகழ்வு குறித்த ஆய்வு

2011ஆம் ஆண்டு ஜூலை 30 அன்று, டப்ளின் நகரின் குரோக் பார்க் மைதானத்தில், அகில அயர்லாந்து கேலிக் கால்பந்துப் போட்டியின் காலிறுதி ஆட்டம் கூடுதல் நேரத்தையும் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. டொனெகல் கவுண்டியும் கில்டேர் கவுண்டியும் சமநிலையில் இருந்தன (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது). அப்போது டொனெகலின் தற்காப்பு ஆட்டக்காரரான கெவின் காசிடி, கம்பங்களுக்கு வெகு தொலைவிலிருந்து உதைத்த பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலாகப் பறந்து சென்றது. ஒரு புள்ளி. இந்த ஆட்டத்தில் ஒரு கோலுக்கு மூன்று புள்ளி என்ற கணக்கின்படி டொனெகல் 15, கில்டேர் 14. அந்த ஆண்டின் தலைசிறந்த பதினைந்து ஆட்டக்காரர்களுக்கு அளிக்கப்படும் ஆல் ஸ்டார் விருது அக்டோபரில் காசிடிக்குக் கிடைத்தது. 2002இல் ஏற்கெனவே ஒருமுறை பெற்றிருந்த அவருக்கு அது இரண்டாவது விருது.

அந்த உதைக்குப் பிறகு நான்கு மாதம்கூட ஆகவில்லை. நவம்பரில், டொனெகல் அணியின் மேலாளர் ஜிம் மெக்கின்னஸ் அவரை அணியிலிருந்து விலக்கினார். காசிடி எந்த ஆட்டத்திலும் சோடை போகவில்லை. பயிற்சிக்கு மட்டம் போடவுமில்லை. அந்த ஆண்டின் அல்ஸ்டர் மாகாணப் போட்டியைப் பல கவுண்டிகளின் கண்களால் பதிவு செய்த ஒரு நூலுக்காக, செய்தியாளர் டெக்லன் போக்கிடம் அவர் மனம் திறந்து பேசியிருந்தார். அணி எப்படித் தயாரானது, முகாமுக்குள் என்ன நடந்தது என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வந்தன. அணிக்குள் இருக்க வேண்டிய நம்பிக்கையை அவர் மீறிவிட்டார் என்பதே மேலாளரின் நிலைப்பாடு.

அன்று அவர் பேசியது நூலுக்கு. இன்றைய ஆட்டக்காரர் பேசுவது கைப்பேசியின் திரைக்கு. ஊடகம் மாறியிருக்கிறதே தவிர கேள்வி மாறவில்லை: ஆட்டத்துக்காக ஒரு காசும் சம்பளம் பெறாத ஒருவர், தம் ஆட்டத்தைப் பற்றியும் தம் வாழ்க்கையைப் பற்றியும் பொதுவெளியில் பேசலாமா? பேசினால் அவரைத் தண்டிக்கும் உரிமை யாருக்கு உண்டு? காசிடி நிகழ்வை இந்தக் கேள்வியின் உரைகல்லாக எடுத்துக்கொண்டு, அதன்பின் சமூக ஊடகக் காலத்தில் நடந்த வேறு சில நிகழ்வுகளோடு சேர்த்துப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம்.

எங்கே நடந்தது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம்

கேலிக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்து அல்ல. அணிக்குப் பதினைந்து பேர். பந்தைக் கையில் பிடிக்கலாம், குத்தலாம், உதைக்கலாம். இதை நடத்தும் கேலிக் தடகளச் சங்கம் 1884 நவம்பர் 1 அன்று டிப்பரரி கவுண்டியின் துர்லஸ் நகரில் ஒரு விடுதியில் கூடிய சிலரால் தொடங்கப்பட்டது. இன்று அயர்லாந்துத் தீவின் 32 கவுண்டிகளிலும், ஏறத்தாழ ஒவ்வொரு பங்கு ஊரிலும் அதற்குக் கழகங்கள் உண்டு. அதன் தலைமை மைதானமான குரோக் பார்க்கில் 82,000க்கும் மேற்பட்டோர் அமரலாம். இறுதி ஆட்டத்தன்று நாற்காலி ஒன்றுகூடக் காலியாக இராது. நுழைவுச்சீட்டுக்குப் பணம் வாங்குகிறார்கள், தொலைக்காட்சி உரிமைக்குப் பணம் வாங்குகிறார்கள், விளம்பரதாரரிடம் பணம் வாங்குகிறார்கள். ஆடுகிற பதினைந்து பேருக்கு மட்டும் ஆட்டக்கூலி கிடையாது. அமெச்சூர் தகுதி, அதாவது ஊதியமின்றி ஆடுவது, சங்கத்தின் விதிநூலில் அடிப்படைக் கொள்கையாகவே எழுதப்பட்டிருக்கிறது. பயணப்படி உண்டு, 2007இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் வரை போவதற்கு வாக்களித்த பிறகு அரசு தர ஒப்புக்கொண்ட ஒரு சிறு மானியமும் உண்டு. இரண்டும் சேர்ந்தாலும் அதைச் சம்பளம் என்று எவரும் சொல்லமாட்டார்கள்.

கூலி இல்லை என்பதால் வேலை குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. சங்கமும், கவுண்டி ஆட்டக்காரர்களுக்கான தனி அமைப்பான ஆட்டக்காரர் சங்கமும் கேட்டுக்கொண்டதன் பேரில் அயர்லாந்தின் பொருளாதார, சமூக ஆய்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட அறிக்கை, கவுண்டி அளவில் ஆடும் மூத்த ஆட்டக்காரர்கள் வாரத்துக்கு 31 மணி நேரம் வரை ஆட்டத்துக்காகச் செலவிடுகிறார்கள் என்று கண்டது. இது அவர்களுடைய பிழைப்புக்கான வேலை நேரத்துக்கு மேலே. ஆசிரியர், மாணவர், மின்பணியாளர், காவலர், விவசாயி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பிழைப்பு இருக்கிறது. காசிடி பள்ளி ஆசிரியர். குரோக் பார்க்கில் அந்தப் பந்தை உதைத்த அதே கையும் காலும்தான் வகுப்பறையில் சுண்ணக்கட்டி பிடித்து நின்றன.

இங்கே இன்னொரு செய்தியைச் சொல்லாமல் இந்த நிகழ்வைப் புரிந்துகொள்ள முடியாது. பலரும் கவனிக்கத் தவறுவதும் இதுதான். தொழில்முறைக் கால்பந்தில் மேலாளரோடு முரண்பட்ட ஒருவரை இன்னொரு கழகம் விலைக்கு வாங்கிக்கொள்ளும். கேலிக் கால்பந்தில் வாங்குவதும் விற்பதும் இல்லை. பிறந்த மண், வளர்ந்த கழகம், குடியிருக்கும் இடம் ஆகியவையே ஒருவர் எந்தக் கவுண்டிக்கு ஆடுவார் என்பதைத் தீர்மானிக்கின்றன. டொனெகலின் வடமேற்குக் கரையில், ஐரிஷ் மொழி இன்னும் வீட்டுமொழியாக வழங்கும் குவீடோர் பகுதியைச் சேர்ந்த ஒருவருக்கு டொனெகலை விட்டால் வேறு சட்டை கிடையாது. அதாவது அணியிலிருந்து விலக்குவது என்பது இங்கே வேலைநீக்கத்தைவிடக் கனமானது. வேலையை இழந்தவர் வேறு வேலை தேடலாம். இவருக்குத் தேடுவதற்கு இடமே இல்லை.

மேலாளரின் பக்கம்

மெக்கின்னஸின் பக்கத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அவருக்கு நியாயம் இருந்தது. 2010இல் அவர் பொறுப்பேற்றபோது டொனெகல் கேட்பாரற்றுக் கிடந்த அணி. அல்ஸ்டர் பட்டத்தை 1992க்குப் பிறகு தொட்டதில்லை. எல்லோரும் பின்னால் வந்து அடைத்து நின்று, பந்து கைக்கு வந்த கணமே கூட்டமாக முன்னேறும் ஒரு முறையை அவர் கட்டினார். அந்த முறை ஒருவர் பிசகினாலும் சரிந்துவிடும் தன்மையது. ஆகவே ஒழுங்கும் நம்பிக்கையும் அதற்கு உயிர்நாடி. 2011இல் அல்ஸ்டர் பட்டம் வந்தது. ஆகஸ்ட் 28 அன்று நடந்த அகில அயர்லாந்து அரையிறுதியில் டப்ளினிடம் 8க்கு 6 என்ற கணக்கில் தோற்றார்கள். இரு பக்கமும் ஒரு கோல்கூட விழாத அந்த ஆட்டத்தைப் பற்றி அயர்லாந்து இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த ஆண்டு, 2012 செப்டம்பர் 23 அன்று, மேயோவை 17க்கு 13 என்று வென்று அகில அயர்லாந்து வெற்றியாளருக்கான சாம் மகுவைர் கோப்பையை டொனெகலுக்குக் கொண்டுவந்தார்கள்.

இந்தக் கோப்பைக்குப் பின்னால் முப்பதுக்கும் மேற்பட்ட இளைஞர்களின் குளிர்கால இரவுகள் இருக்கின்றன. முகாமுக்குள் நடந்தது அவர்கள் எல்லோருக்கும் பொதுவான சொத்து. அதில் தம் பங்கை மட்டும் தனியே எடுத்து வெளியே கொடுக்க எவருக்கும் உரிமை இல்லை. கொடுத்தால் மற்றவர்களின் பங்கும் அதோடு போய்விடுகிறது. உடைமாற்றும் அறையில் ஒருவர் அழுதிருக்கலாம், ஒருவர் சீறியிருக்கலாம், ஒருவர் தம் வீட்டுத் துயரத்தைச் சொல்லியிருக்கலாம். அது வெளியே வராது என்று நம்பித்தான் சொன்னார். இந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் வாதத்தை ஏற்பது வேறு, நடந்த முறையை ஏற்பது வேறு. இந்த நிகழ்வில் கோட்டைக் கிழித்தவர் மேலாளர். கோடு தாண்டப்பட்டதா என்று தீர்ப்புச் சொன்னவரும் மேலாளர். தண்டனை விதித்தவரும் அவரே. அணித் தேர்வு மேலாளரின் தனியுரிமை என்பதால் காசிடி முறையிட்டுக்கொள்ள ஒரு மன்றமும் இல்லை. மைதானத்தில் எதிராளியைக் கை ஓங்கி அடித்து வெளியேற்றப்பட்டவருக்குக்கூடச் சங்கத்தில் விசாரணைக் குழு உண்டு, மேல்முறையீடு உண்டு. பேசியதற்காக விலக்கப்பட்டவருக்கு எதுவுமில்லை. அடித்தவருக்கு இருக்கும் பாதுகாப்பு பேசியவருக்கு இல்லை என்பதே இந்த நிகழ்வில் என் மனத்தை உறுத்தும் இடம்.

2012 இறுதி ஆட்டம் முடிந்தபின் நடந்த ஒரு காட்சி அந்த உறுத்தலைக் கூட்டுகிறது. இருபது ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் கோப்பை வென்ற மேலாளர் செய்தியாளர் அறைக்கு வருகிறார். மேசைமேல் ஒலிப்பதிவுக் கருவிகள் காத்திருக்கின்றன. அவர் பேசத் தொடங்கவில்லை. டெக்லன் போக் அந்த அறையில் இருக்கும்வரை பேசமாட்டேன் என்கிறார். போக் எழுந்து வெளியேறிய பிறகே சந்திப்பு தொடங்குகிறது. வெற்றியின் உச்சத்திலும் ஆறாத அந்தக் காயம் உண்மையானது என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் தன் வேலையைச் செய்த ஒரு செய்தியாளரைத் தன் மகிழ்ச்சியின் நாளிலும் அறையைவிட்டு அனுப்பும் அளவுக்கு ஒருவர் கையில் அதிகாரம் குவிந்திருக்கிறது என்றால், அந்த அதிகாரத்தின்கீழ் இருக்கும் சம்பளமில்லாத இளைஞர் எப்படிப் பேசத் துணிவார்?

நூலிலிருந்து திரைக்கு

காசிடியின் பேச்சுக்கும் வெளியீட்டுக்கும் இடையே மாதங்கள் இருந்தன. செய்தியாளர் கேட்டார், எழுதினார், திருத்துபவர் பார்த்தார், அச்சகம் அச்சிட்டது. ஒவ்வொரு படியிலும் நின்று யோசிக்க இடமிருந்தது. இன்றைய நிலை அப்படியில்லை. தோற்ற அணியின் பேருந்து மைதானத்தைவிட்டு வெளியேறுவதற்குள், கால்முட்டியில் சேறு காயாமல், ஒருவர் பின்னிருக்கையில் கைப்பேசியைத் திறக்கிறார். நடுவரைப் பற்றி ஒரு வரி. அதைப் பத்து நிமிடத்தில் நீக்கிவிட்டாலும் யாரோ ஒருவர் திரையைப் படம் பிடித்து வைத்திருப்பார். அடுத்த நாள் காலை உள்ளூர் வானொலியில் அது வாசிக்கப்படும். சங்கத்தின் விதிநூலில், சங்கத்துக்கு இழிவு சேர்க்கும் நடத்தைக்கு இடைநீக்கம் என்று ஒரு விதி இருக்கிறது. எது இழிவு என்பது அதைப் படிப்பவரின் மனத்தைப் பொறுத்தது என்பதால் அந்த வலை எவ்வளவு அகலம் என்று ஆட்டக்காரருக்குத் தெரியாது.

பேசுவதன் விலை வேறொரு வழியாகவும் வருகிறது. டொனெகல் கவுண்டியின் மக்கள்தொகை 2022 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1,67,000. லீட்ரிம் கவுண்டியில் 35,000 பேர்தாம். இப்படிப்பட்ட ஊர்களில் கவுண்டி அணிக்கு ஆடுபவர் எல்லோருக்கும் தெரிந்த முகம். பெயரில்லாத கணக்கிலிருந்து இரவில் அவரைத் திட்டி எழுதியவர், காலையில் அவருடைய கடைக்கே பால் வாங்க வரக்கூடும். அல்லது அவருடைய வகுப்பில் படிக்கும் பிள்ளையின் தகப்பனாக இருக்கக்கூடும். தொழில்முறை வீரருக்கு உயர்ந்த மதிலும், கழகத்தின் ஊடகப் பிரிவும், வழக்கறிஞரும் உண்டு. இவருக்கு உள்ளது ஊரும் வீடும் மட்டுமே. ஆகவே, வாய் திறக்காமல் இருப்பதே நல்லது என்று தாயும் தகப்பனும் சொல்வதில் அன்பு இருக்கிறது. டப்ளினின் இலக்குக் காவலர் ஸ்டீபன் கிளக்ஸ்டன் அந்த வழியைத் தாமே தேர்ந்தெடுத்தவர். 2011 இறுதி ஆட்டத்தில் கெர்ரியை வீழ்த்திய கடைசிப் புள்ளியை அடித்தவர் அவர். ஒன்பது அகில அயர்லாந்துப் பட்டங்கள் வென்றவர். ஊடகத்தின் முன் நிற்பதை முடிந்தவரை தவிர்த்தே வந்திருக்கிறார். அந்த மௌனம் மரியாதைக்குரியது. அது அவர் தேர்ந்துகொண்ட மௌனம் என்பதால்தான் மரியாதைக்குரியது.

மௌனத்தை ஆட்டக்காரர்கள் கூட்டாகவே ஆயுதமாக்கிய நிகழ்வும் உண்டு. 2022 மார்ச்சில், பயிற்சிக்கான பயணப்படியை வாரத்துக்கு நான்கு அமர்வுகளுக்கு மட்டும் என்று சங்கம் வரம்பிட முனைந்தபோது, ஆட்டக்காரர் சங்கத்தின் உறுப்பினர்கள் ஊடகப் பேட்டிகளுக்கு வர மறுத்தார்கள். இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் பயிற்சிக்கு வந்து, நள்ளிரவில் வீடு திரும்பி, காலையில் வேலைக்குப் போகிறவருக்கு ஐந்தாவது அமர்வின் பெட்ரோல் காசு சிறிய செய்தி அல்ல. பேட்டி தர மறுப்பது அழுத்தமாக வேலை செய்கிறது என்றால், ஆட்டக்காரரின் பேச்சுக்கு விலை இருக்கிறது என்பதை எல்லோரும் அறிந்தே இருக்கிறார்கள். அறிந்துகொண்டே, விளம்பரப் பொருளைக் கையில் பிடித்து இன்ஸ்டாகிராமில் சிரித்தால் குற்றமில்லை, பயிற்சி மைதானத்தின் விளக்கு எரியவில்லை என்று எழுதினால் முகம் சுளிப்பு என்கிற நிலை எந்த வகையில் நியாயம்? விற்பதற்குத் திறக்கலாம் என்கிற வாய், குறை சொல்வதற்குத் திறக்கக் கூடாதா?

பேசியதால் திருந்தியவை

2018 ஜூன் 25 திங்கட்கிழமை, அகில அயர்லாந்துப் போட்டியின் குலுக்கலில், கில்டேருக்கும் மேயோவுக்கும் ஆட்டம் விழுந்தது. முதலில் பெயர் வந்தது கில்டேர் என்பதால் ஆட்டம் அவர்களுடைய நியூபிரிட்ஜ் மைதானத்தில் நடக்க வேண்டும். கூட்டம் தாங்காது, பாதுகாப்புக் குறைவு என்று சொல்லி அதிகாரிகள் அதைக் குரோக் பார்க்குக்கு மாற்றினார்கள். கில்டேரின் மேலாளர் கீயன் ஓநீல் அன்று மாலையே தொலைக்காட்சிச் செய்தியில் வந்து, எங்கள் அணி நியூபிரிட்ஜில்தான் நிற்கும் என்றார். நியூபிரிட்ஜ், இல்லையேல் எங்குமில்லை என்ற முழக்கம் சமூக ஊடகங்களில் நாடெங்கும் பரவியது. ஆட்டத்தைக் கைவிட்டதாகக் கருதி மேயோவுக்கு வெற்றியைக் கொடுத்துவிடக்கூடிய சட்ட அபாயம் கில்டேரின் தலைமேல் இருந்தது. ஓரிரு நாளில் சங்கம் இறங்கி வந்தது. ஜூன் 30 சனிக்கிழமை நியூபிரிட்ஜில் ஆட்டம் நடந்தது. முந்திய இரண்டு ஆண்டும் இறுதிவரை சென்றிருந்த மேயோவை கில்டேர் 21க்கு 19 என்று வென்றது.

இந்த நிகழ்வில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இங்கே பேசியது மேலாளர். கவுண்டி நிர்வாகம் அவர் பின்னால் நின்றது. ஆட்டக்காரர் சங்கமும் துணைநின்றது. எவரும் இதை நம்பிக்கை மீறல் என்று சொல்லவில்லை. அதாவது, மேலே இருப்பவர் பேசினால் துணிவு, கீழே இருப்பவர் பேசினால் துரோகம் என்ற அளவுகோல் சொல்லாமலே நடைமுறையில் இருக்கிறது.

கீழிருந்தே பேச்சு எழுந்த நிகழ்வு ஒன்று அண்மையில் நடந்தது. அது கேலிக் கால்பந்தில் அல்ல, அதன் உடன்பிறப்பான கமோகியில், மட்டையும் பந்தும் கொண்டு பெண்கள் ஆடும் ஆட்டத்தில். அப்போதைய விதிப்படி அவர்கள் பாவாடைபோல் தைத்த அரைக்கால்சட்டையைத்தான் அணிய வேண்டியிருந்தது. பல ஆண்டுகளாக அசௌகரியம் என்று சொல்லி வந்தார்கள். 2024 மாநாட்டில் மாற்றத்துக்கான தீர்மானம் தோற்றது. அடுத்து 2027இல்தான் அதை மீண்டும் எடுக்க முடியும் என்ற நிலை. 2025 மே 3 அன்று, லென்ஸ்டர் மாகாண அரையிறுதிக்கு டப்ளின், கில்கென்னி ஆகிய இரு அணிப் பெண்களும் சாதாரண அரைக்கால்சட்டையோடு மைதானத்துக்குள் வந்தார்கள். மாற்றிவிட்டு வராவிட்டால் ஆட்டம் நடக்காது என்று சொல்லப்பட்டது. வாரக்கணக்கில் தயாரான பெண்கள், பார்வையாளர்கள் காத்திருக்க, உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு திரும்பி வந்து ஆடினார்கள். டப்ளின் அணித்தலைவி ஆஷ்லிங் மாஹர் அதன்பின் தம் இன்ஸ்டாகிராம் கணக்கில், தம் விளையாட்டு வாழ்வில் இவ்வளவு வேதனைப்பட்ட நாள் இல்லை என்ற பொருள்பட எழுதினார். அந்தப் பதிவு ஒரே நாளில் நாட்டின் பேசுபொருளாயிற்று. கார்க், வாட்டர்ஃபோர்டு அணிகளும் அரைக்கால்சட்டையோடே வருவோம் என்றதால் மன்ஸ்டர் இறுதி ஆட்டம் தள்ளிவைக்கப்பட்டது. மே 22 அன்று கூட்டப்பட்ட சிறப்பு மாநாட்டில், எதை அணிவது என்பதை ஆட்டக்காரரே தேர்ந்துகொள்ளலாம் என்பதற்கு 98 சதவீத வாக்கு விழுந்தது.

2027வரை நகராது என்றிருந்த கல், பத்தொன்பது நாளில் நகர்ந்தது. முறையான வழியில் சொல், கிளையில் தீர்மானம் கொண்டு வா, மாநாட்டில் பேசு என்று ஆட்டக்காரருக்கு அறிவுரை சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். முறையான வழியில் அவர்கள் சென்றார்கள், அங்கே கதவு அடைக்கப்பட்டது, அதன்பிறகே பேசினார்கள். அவர்கள் வெளியிட்டது எந்த அணியின் இரகசியத்தையும் அல்ல. தம் உடலைப் பற்றி, தம் உடையைப் பற்றி, தாம் நடத்தப்பட்ட விதத்தைப் பற்றிப் பேசினார்கள். அதற்கு வேறு எவர் அனுமதி வேண்டும்?

சட்டையும் பெயரும்

அரசியலும் சமயமும் கலந்த கேள்விகளில் வழக்கு இன்னும் சிக்கலாகிறது. சங்கம் கட்சி அரசியல் சாராதது என்பது விதி. 2015 மே 22 அன்று தன்பாலினத் திருமணத்துக்கான பொதுவாக்கெடுப்பு அயர்லாந்தில் நடந்தது. 62 சதவீதம் ஆதரவு. அதற்கு முன் டொனெகலின் ஈமன் மெக்கீ ஆதரவாக வெளிப்படையாகப் பேசினார். டப்ளினின் ஜெர் பிரென்னன் எதிராக நாளிதழில் எழுதினார். இருவரும் தம் பெயரில் பேசினார்கள். இருவருக்கும் கடுமையான மறுமொழிகள் வந்தன. பேச்சுக்காக இருவர்மீதும் எந்த விலக்கும் வரவில்லை.

மெக்கீ யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவரும் குவீடோர் கழகத்தவர். காசிடியோடு ஒரே சட்டையில் ஆடியவர். 2012இல் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். பொதுவாக்கெடுப்பைப் பற்றிப் பேசிய பிறகும் டொனெகலுக்கு ஆடி, 2016இல் தாமாக ஓய்வு பெற்றார். ஒரே ஊர், ஒரே கழகம், ஒரே கவுண்டி. நாட்டின் அரசியல் சட்டத்தைப் பற்றி ஒருவர் பேசியது பொறுக்கப்பட்டது. தம் அணி எப்படித் தயாரானது என்பதைப் பற்றி மற்றவர் பேசியது பொறுக்கப்படவில்லை. மேலாளரும் ஆண்டும் வேறு என்பதை மறந்துவிடாமலே சொல்கிறேன்: இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்தால், கோடு பேச்சின் கனத்தைப் பார்த்துக் கிழிக்கப்படவில்லை, பேச்சு யாருடைய அதிகாரத்தைத் தொட்டது என்பதைப் பார்த்துக் கிழிக்கப்பட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது.

தனி வாழ்வின் துயரத்தைப் பேசியவர்களையும் விட்டுவிட முடியாது. அர்மாவின் ஒய்சின் மெக்கன்வில், ஆஃபலியின் நியல் மெக்னமி போன்றோர் சூதாட்டப் பிடியில் தாம் சிக்கியதை வெளிப்படையாகச் சொன்னார்கள். 2013இல் கமோகியின் ஆண்கள் வடிவமான ஹர்லிங்கில் கார்க்கின் முன்னாள் ஆட்டக்காரர் கானர் கியூசக் தம் மனச்சோர்வைப் பற்றி இணையத்தில் எழுதியது பல்லாயிரம் வீடுகளுக்குச் சென்றது. அவர்களுக்குப் பின்னும் எத்தனையோ பேர் பேசினார்கள். 2018 மாநாட்டில் பந்தய நிறுவனங்களின் விளம்பர ஆதரவைச் சங்கம் தடை செய்தபோது, அந்தத் தடைக்கான மனநிலையை உருவாக்கியதில் இவர்களின் பேச்சுக்குப் பெரும்பங்கு உண்டு என்று நான் கருதுகிறேன். ஆட்டக்காரர் வாய் மூடியிருந்தால் சங்கம் நலமாக இருக்கும் என்பவர்களுக்கு இதைவிட நேரான மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

இந்த வழக்கில் என் கருத்து

ஆட்டத்திட்டம், எவருக்குக் காயம், ஞாயிற்றுக்கிழமை யார் ஆடுவார், பக்கத்தில் அமர்ந்திருப்பவர் அழுதாரா சிரித்தாரா என்பவை அணியின் சொத்து. அவற்றைப் பற்றி நூலிலும் பேசக் கூடாது, திரையிலும் பேசக் கூடாது. பேசினால் அணிக்குக் கோபம் வருவது இயல்பு. தன் முட்டியின் வலி, தன் பெட்ரோல் செலவு, தன் வேலை போன கதை, தான் நடத்தப்பட்ட விதம், தன் மனச்சாட்சி ஆகியவை அவருடையவை. இவற்றுக்கு மேலாளரின் ஒப்புதல் தேவையில்லை. அரசியல் பேசும்போது கவுண்டிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தன் பெயரில் பேச வேண்டும். மெக்கீயும் பிரென்னனும் அதைத்தான் செய்தார்கள்.

இந்தக் கோட்டை ஆண்டின் தொடக்கத்திலேயே, முதல் பயிற்சிக்கு முன், ஆட்டக்காரர்களும் மேலாளரும் கூடி அமர்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். மேலிருந்து நீட்டப்படும் தாளில் கையெழுத்து வாங்குவதை ஒப்பந்தம் என்று சொல்ல முடியாது. கையெழுத்திட மறுத்தால் அணியில் இடமில்லை என்று தெரிந்த இருபது வயதுப் பையன் எதில்தான் கையெழுத்திடமாட்டான்? கோடு மீறப்பட்டதா என்பதை மேலாளர் ஒருவரே முடிவு செய்யக் கூடாது. கவுண்டி நிர்வாகத்திலிருந்து ஒருவர், ஆட்டக்காரர்கள் தேர்ந்தெடுத்த ஒருவர், இரு பக்கமும் சாராத ஒருவர் என்று மூவர் கேட்க வேண்டும். கண்டிப்பு, சில வார விலக்கு, ஒரு பருவ விலக்கு என்று படிகள் இருக்க வேண்டும். முதல் படியிலேயே ஒருவரின் கவுண்டி வாழ்க்கை முடிந்துபோவது, செய்த காரியத்துக்கும் கிடைத்த தண்டனைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாத தொலைவு.

காசிடியின் வழக்கு அப்படி மூவர் முன் வந்திருந்தால் என்ன தீர்ப்பு வந்திருக்கும்? முகாமின் உள்விவரங்களை வெளியிட்டது தவறு என்றே அவர்கள் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படியே சொல்லியிருப்பேன். சில ஆட்டங்கள் வெளியே உட்கார வேண்டியிருந்திருக்கும். தோழர்களிடம் நேரில் நின்று பேச வேண்டியிருந்திருக்கும். அதன்பின் 2012 கோடையில் அவர் அந்தச் சட்டையை மீண்டும் அணிந்திருக்கலாம்.

கவுண்டி நிர்வாகங்களுக்கு ஒரு கடமை மீதமிருக்கிறது. ஆட்டக்காரர் பேசக் கூடாது என்று விதி எழுதும் கை, ஆட்டக்காரர்மீது இணையத்தில் வசை பொழியப்படும்போது மடியில் கிடக்கிறது. தோல்விக்குப் பின் ஒரு பத்தொன்பது வயதுப் பையனுக்கு வரும் செய்திகளை அவன் தனியே, தன் அறையில், இரவு இரண்டு மணிக்குப் படிக்கிறான். அந்தக் கணக்குகளைப் பற்றிக் காவல்துறைக்கும் நிறுவனங்களுக்கும் முறையிடுவது, அவனுக்காக அறிக்கை விடுவது, அவனோடு ஒருவர் உட்கார்ந்து பேசுவது ஆகியவை கவுண்டி நிர்வாகத்தின் வேலை. அவனைப் பாதுகாக்க ஒரு விரலும் அசைக்காமல் அவன் வாயை மட்டும் அடைக்க நினைப்பதை எந்த விதிநூலாலும் நியாயப்படுத்த முடியாது.

காசிடி டொனெகல் அணிக்குத் திரும்பவில்லை. அவரை விலக்கிய அடுத்த ஆண்டே கோப்பை வந்தது; வெற்றியாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. குவீடோரில் அவருடைய கழகத்துச் சட்டை மட்டும் அவரிடம் இருந்தது. கழகத்தைப் பொறுத்தவரை எந்த மேலாளரும் அவரை விலக்கவில்லை. 2018 டிசம்பரில், ஈமன் மெக்கீயோடும் பக்கத்து வீட்டுப் பையன்களோடும் சேர்ந்து அவர் ஆடிய ஆட்டத்தில், குவீடோர் கழகம் ஸ்காட்ஸ்டவுனைக் கூடுதல் நேரத்தில் வென்று தன் வரலாற்றில் முதன்முறையாக அல்ஸ்டர் கழகப் பட்டத்தைப் பெற்றது. அப்போது காசிடிக்கு வயது 37.